கடிதத்தில் இருக்கிறது, கார்டில் இல்லை

கேள்வி: நான் சிறுமலைக்காரி. பழையூர்ப் பக்கம் எங்களுக்கு நாலரை ஏக்கர் தோட்டம். மலைவாழைதான் முதல். ஊடே மிளகு, கொஞ்சம் காபி, வேலியோரம் எலுமிச்சை. கோவையில் ஐந்து வருடம் கணினி வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஊருக்கே வந்துவிட்டேன். அப்பாவுக்கு வெளி வியாபாரிகளைத் தெரியாது. செவ்வாயும் வெள்ளியும் விடியக்காலையில் காயை இறக்கிக்கொண்டு திண்டுக்கல் சிறுமலை செட்டுக்குப் போவார், கமிஷன் கடையில் போடுவார், சொன்ன விலையை வாங்கிக்கொண்டு மலையேறுவார். முப்பது வருடமாக இதுதான்.

நேரடியாகக் கடைகளுக்குக் கொடுத்தால் என்ன என்று நினைத்து, விசிட்டிங் கார்டு ஆயிரம் அடித்தேன். மதுரையில் மூன்று நாள் நடந்த ஓர் இயற்கைச் சந்தையில் இருநூறு கார்டுக்கு மேல் கொடுத்தேன். வந்த போன் மொத்தம் நான்கு. அதில் இரண்டு பேர், "ரூம் வாடகை எவ்வளவு?" என்று கேட்டார்கள். கார்டின் பின்பக்கம் அருவிப் படம் போட்டதால் ரிசார்ட் என்று நினைத்துவிட்டார்களாம். இன்னும் எத்தனை பேர் கூப்பிட்டார்களோ, பகலில் தோட்டத்தில் சிக்னலே கிடையாது, இரவு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் போன் உயிரோடு இருக்கும்.

அப்பா சிரிக்கிறார். "நம்ம பழம் தோல் கறுத்துச் சுருங்குனாலும் உள்ள கெடாது. அத ஒருத்தன் தின்னு பாத்தா போதும். பழம் பேசாததயா இந்த அட்டை பேசப் போகுது?" என்கிறார். தோட்டத்திலிருந்து ரோடு வரை இன்னமும் குதிரையில்தான் தாரை ஏற்றி வருகிறோம், இந்தக் காலத்தில் கார்டு எல்லாம் எதற்கு என்பது அவர் வாதம்.

கார்டு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். என்ன தப்பு செய்தேன்? தமிழில் அடிப்பதா, ஆங்கிலத்திலா? கியூஆர் கோடு வேண்டுமா? சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே, அந்த முத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா? கடைக்காரர் தங்க ஃபாயில், பிளாஸ்டிக் கார்டு என்று அடுக்குகிறார். வாட்ஸ்அப் காலத்தில் கார்டே தேவைதானா?

ஒரு வாசகி, சிறுமலை

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், ருசிக்காக. கார்டையும் இரண்டு தடவை படித்தேன், புரியாததால். திண்டுக்கல்லில் முப்பது வருடம் பிரஸ் நடத்தியவன் நான். கல்யாணப் பத்திரிகைதான் எங்களுக்குச் சோறு. விசிட்டிங் கார்டு இரண்டு முகூர்த்தத்துக்கு நடுவில் வரும் சில்லறை வேலை. அந்தச் சில்லறை வேலையில்தான் மனிதர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரியவரும்.

முதலில் உங்கள் கார்டில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மேலே பிள்ளையார் சுழி. இடப்பக்கம் முருகன் படம், வலப்பக்கம் அந்தோணியார் படம். நடுவில் ஆங்கிலத்தில் நிறுவனத்தின் பெயர். அதில் 'ஆர்கானிக்', 'அக்ரோ', 'வென்சர்ஸ்' மூன்றும் இருக்கின்றன, வாழை இல்லை. அதன் கீழே உங்கள் பெயரும் 'முதன்மை நிர்வாக அதிகாரி' என்ற பதவியும். பிறகு ஏழு பொருட்கள், மூன்று போன் எண்கள், இரண்டு மின்னஞ்சல், முகநூல், இன்ஸ்டாகிராம். எல்லாம் கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளைப் பொடி எழுத்து. பின்பக்கம் முழுக்க ஓர் அருவி. நான் பார்த்த சிறுமலையில் அப்படி ஓர் அருவி இல்லை, இணையத்திலிருந்து எடுத்தது போலிருக்கிறது.

இப்போது கடிதத்தில் இருப்பதைப் பாருங்கள். மலைவாழை. தோல் சுருங்கினாலும் கெடாது. செவ்வாய், வெள்ளி விடியக்காலை சிறுமலை செட்டில் இருப்போம். இரவு ஏழுக்கு மேல் போன் எடுப்போம். குதிரையில் தார் இறங்குகிறது. முப்பது வருடம் அப்பா அதே சந்தைக்குப் போகிறார். ஒரு வியாபாரிக்கு வேண்டிய எல்லாமே கடிதத்தில் இருக்கிறது. அதில் ஒன்றுகூடக் கார்டில் கண்ணில் படும்படி இல்லை. உங்கள் தப்பு இவ்வளவுதான்.

கார்டு வாங்கியவர் அதை என்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்தீர்களா? சந்தையில் ஒரே நாளில் முப்பது கார்டு வாங்குவார். சட்டைப் பையில் போடுவார். வீட்டுக்குப் போய் ரப்பர் பேண்டு போட்டு மேசை இழுப்பறையில் வைப்பார். மூன்று வாரம் கழித்து, "அன்னைக்கு ஒரு பொண்ணு மலைவாழப்பழம் குடுத்துச்சே, நல்லா இருந்துச்சே" என்று ஞாபகம் வரும்போது கட்டைப் பிரிப்பார். அவர் விரல் தேடுவது உங்கள் பெயரை அல்ல, அது அவருக்கு ஞாபகம் இருக்காது. நிறுவனப் பெயர் அறவே இருக்காது. வாழை என்ற சொல்லையும் சிறுமலை என்ற சொல்லையும்தான் தேடுவார். அவை உங்கள் கார்டில் ஏழு பொருள் பட்டியலில் நான்காவதாக ஒளிந்துகொண்டிருக்கின்றன. விரல் அடுத்த கார்டுக்குப் போய்விடும்.

கமிஷன் மண்டிகளில் இன்னொரு பழக்கம் உண்டு. முதலாளியின் மேசைமேல் கண்ணாடி போட்டிருப்பார்கள், அதன் அடியில் கார்டுகளைச் செருகி வைப்பார்கள். லாரி ஆபீஸ், சாக்குக் கடை, எடைத் தராசு ரிப்பேர் என்று ஒரு ஊரே அதன் கீழ் படுத்திருக்கும். கண்ணாடிக்கு அடியில் போன கார்டுக்குப் பின்பக்கம் கிடையாது. ஆகவே அருவி போன்ற ஆடம்பரமானாலும் சரி, முக்கியமான எண்ணானாலும் சரி, பின்பக்கம் போட்டது வீண்தான். வேண்டியதெல்லாம் முன்பக்கத்தில், உட்கார்ந்த இடத்திலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். இப்போது இளைய வியாபாரிகள் கார்டைக் கையில் வாங்கியதும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பளபளப்பு லேமினேஷன் போட்ட கார்டில் டியூப் லைட் வெளிச்சம் விழுந்து, சரியாகப் போன் எண் இருக்கும் இடத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். கடைக்காரர் தங்க ஃபாயில் என்கிறாரே, அதுவும் இதே கதைதான். கல்யாணப் பத்திரிகைக்கு அழகு, மண்டிக்கு வேண்டாம்.

சின்னம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் ஆரம்பித்தது 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்'. அவர் தலையில் எப்போதும் தலைப்பாகை இருக்கும். சாப்பிட வந்தவர்கள் ஆனந்த விலாஸ் என்று சொல்லவில்லை, தலப்பாக்கட்டுக்காரர் கடை என்றார்கள். கடைசியில் ஜனங்கள் வைத்த பெயரே நிலைத்தது. பின்னாளில் அந்தப் பெயருக்காக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்றால் அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த டிசைனரும் உட்கார்ந்து யோசித்த சின்னம் இல்லை அது. பார்த்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது, அவ்வளவுதான்.

உங்கள் கண்ணில் படாமல் மற்றவர் கண்ணில் படுவது குதிரை. "இந்தக் காலத்தில் குதிரையில்தான் ஏற்றுகிறோம்" என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். மதுரையிலோ சென்னையிலோ ஒரு கடைக்காரர் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார். வண்டி போகாத தடத்தில் குதிரை முதுகில் வந்து, அதற்கப்புறம் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு இறங்கும் பழம் என்றால் அதை யாரும் மறக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் வாழைத்தார் தொங்கும் ஒரு குதிரை, ஒரே நிறத்தில், கோட்டோவியமாக. இணையத்திலிருந்து வேண்டாம். உங்கள் குதிரையைப் பக்கவாட்டில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, படம் வரையத் தெரிந்தவரிடம் கொடுத்து வரையச் சொல்லுங்கள். இணையத்துக் குதிரைக்குப் பந்தயக் குதிரையின் கால் இருக்கும். நம் மலைக் குதிரை குட்டை, வயிறு கொஞ்சம் தொங்கும். அந்த வயிறுதான் நம்பகம்.

ஒரு சோதனை சொல்கிறேன். அந்தப் படத்தைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். குதிரை என்று தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். நாய் போலத் தெரிந்தால் கோடுகளைக் குறைக்கச் சொல்லுங்கள்.

தெய்வப் படம் பற்றித் தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன். அம்மாவுக்காக முருகன், குதிரைக்காக அந்தோணியார் என்று நானாக ஊகிக்கிறேன். கால்நடைகளுக்குக் காவலர் அந்தோணியார் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. குதிரை வைத்திருப்பவர் வீட்டில் அவர் இல்லாமல் எப்படி? ஆனாலும் கார்டு கீழே விழும், மிதிபடும், குப்பைக்குப் போகும். படம் போட்ட கார்டைக் கிழிக்கவும் மனம் வராமல் வைக்கவும் இடமில்லாமல் பலர் அவதிப்படுவதைப் பார்த்திருக்கிறேன். உச்சியில் சின்னதாக ஒரு 'உ' இருக்கட்டும், அதற்கு எவ்வளவு இடம் போகும்? படங்களைக் குதிரை லாயத்தில் மாட்டிவிடுங்கள்.

பதவிக்கு வருவோம். நாலரை ஏக்கருக்கு முதன்மை நிர்வாக அதிகாரி என்றால் வாங்குபவர் மனதுக்குள் சிரிப்பார். அதைவிட மோசம், உங்களை இடைத்தரகர் என்று நினைப்பார். அவருக்கு வேண்டியது தோட்டக்காரர். 'விவசாயி' என்று போடுங்கள். அதைவிட நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. உங்கள் பெயருக்கு மேலே அப்பா பெயரைப் போடுங்கள். முப்பது வருடம் சிறுமலை செட்டுக்குப் போனவரை அங்கே பத்துப் பேருக்காவது பெயர் சொல்லித் தெரியும். புதிதாக வாங்குபவர் யாரையாவது விசாரித்தால், "அவரா, சரியான ஆள்" என்று பதில் வரும். அந்த ஒரு பதிலை எந்த ஃபாயிலும் வாங்கித் தராது. இன்னார், அவர் மகள் இன்னார் என்று இரண்டு வரி. இத்தனை நாள் சிரித்த மனிதர் தன் பெயரை அச்சில் பார்த்ததும் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மலையிறங்குவார், பாருங்கள்.

போன் எண் ஒன்றே ஒன்று. மூன்று எண் போட்டால் மூன்றில் எது எடுக்கும் என்று கண்டுபிடிக்கும் வேலை அவருக்கு. அந்த எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்து, கார்டில் பெரிய எழுத்துகளில் ஒன்றாக அடியுங்கள். அதன் கீழேயே, 'இரவு 7 மணிக்கு மேல் பேசலாம். பகலில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புங்கள்' என்று ஒரு வரி. இதைக் குறை என்று மறைத்துவிட்டீர்கள், அதனால்தான் மற்றவர்கள் பகலில் கூப்பிட்டுச் சலித்துப் போயிருக்கிறார்கள். மலையில் சிக்னல் இல்லை என்பது திண்டுக்கல்காரர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சொல்லிவிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள், சொல்லாமல் விட்டால் 'போனே எடுக்காத ஆள்' என்று பெயராகிவிடும்.

எண் விஷயத்தில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. நாகல் நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருந்த ஒருவருக்கு ஆயிரம் கார்டு அடித்துக் கொடுத்தேன். தொலைபேசி எண்ணில் ஒன்றுக்குப் பதில் ஏழு விழுந்துவிட்டது. ப்ரூஃப் பார்த்தவன் நான். கையெழுத்துப் போட்டவர் அவர். இரண்டு பேர் கண்ணும் பூட்டுப் படத்தின் மேலேயே இருந்திருக்கிறது. ஏழு விழுந்த அந்த எண் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் வீட்டு எண். பாவம், மாதக்கணக்கில் அவருக்கு மாங்காய்ப் பூட்டு விலை கேட்டுப் போன் வந்திருக்கிறது. அவரும் சலிக்காமல் பட்டறைக்கு வழி சொல்லியிருக்கிறார். கார்டை மறுபடி என் செலவில் அடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் பிரஸ்ஸில் ஒரு சட்டம். ப்ரூஃபில் இருக்கும் எண்ணைப் பார்த்து, மனப்பாடமாக இல்லாமல், ஒவ்வோர் இலக்கமாக அழுத்தி அழைக்க வேண்டும். மணி அடித்த பிறகுதான் மெஷினுக்குப் போகும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தமிழா ஆங்கிலமா? முன்பக்கம் தமிழ். சந்தேகமே வேண்டாம். 'சிறுமலை' என்ற சொல்லைத் தமிழில் பெரிதாக எழுதினால் அதுவே பாதி விளம்பரம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அதில் வரும் 'லை' தும்பிக்கை தூக்கிய எழுத்து. ஈய அச்சில் அந்த எழுத்தை எடுத்துக் கோக்கும்போதே மலை மாதிரி இருக்கும். பழைய போர்டு எழுதும் ஓவியர் யாராவது கிடைத்தால் அந்தச் சொல்லை மட்டும் கையால் எழுதி வாங்கலாம், வாசிப்பவர் குழம்பாதபடி இன்றைய 'லை'யிலேயே.

ஆனால் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கேரளத்திலிருந்து வியாபாரிகள் வருகிறார்கள். சென்னைக் கடைகளில் பொருள் வாங்கும் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், படிக்கத் திணறுவார்கள். அவர்களுக்காகப் பின்பக்கம் மேல் பகுதியில் பொருள், ஊர், எண் மூன்றும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் பில், வங்கிக் கணக்கு, லேபிள் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மீதிப் பின்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். லேமினேஷனும் அந்தப் பக்கம் வேண்டாம். 'செவ்வாய், 20 சீப்பு, இன்ன விலை' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தால் அந்தக் கார்டு குப்பைக்குப் போகாது. வழவழப்பான அருவியின் மேல் எந்தப் பேனாவும் எழுதாது.

தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலம் ஆறு புள்ளி அளவிலும் படிக்க வரும். தமிழில் 'ணி', 'ழு', 'ஞ்' எல்லாம் அந்த அளவில் சுழியடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். எட்டரை, ஒன்பது புள்ளிக்குக் கீழே போகாதீர்கள். இருண்ட நிறத்தின் மேல் வெள்ளை எழுத்தென்றால் இன்னும் மோசம், மை பரவி எழுத்தையே தின்றுவிடும். உங்கள் கரும்பச்சைக்கு நேர்ந்ததும் அதுதான். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, குதிரைக்கு மட்டும் ஒரு நிறம். முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் என்று யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, தெளிவாகவும் இருக்கின்றன. ஒரே எழுத்துரு போதும். ஈய எழுத்துக் காலத்தில் எங்களிடம் இருந்ததே மூன்று நான்கு அளவுதான், அதனால் கார்டுகள் தானாகவே அடக்கமாக இருந்தன. கணினியில் நூறு எழுத்துரு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே கார்டில் போட ஆரம்பித்தோம்.

டி.டி.பி. கடைகளில் பழைய மென்பொருளும் பழைய எழுத்துருவும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நீங்கள் யூனிகோடில் அனுப்புவது அங்கே திறக்கும்போது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். 'கொ' என்பது 'கெ'யும் தனிக் காலுமாகும். எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றி, பி.டி.எஃப். கோப்பாகக் கொடுத்தால் இந்த வம்பு இல்லை.

அச்சக விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அளவு 3.5 அங்குலத்துக்கு 2 அங்குலம். நம் ஊர் பர்ஸும் கார்டு டப்பாவும் அதற்குத்தான். வாழை இலை வடிவில் வெட்டித் தருகிறேன் என்பார்கள், ரப்பர் பேண்டு கட்டில் அது முதலில் கசங்கும், ஒப்புக்கொள்ளாதீர்கள். தாள் 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு போதும். முன்பக்கம் மட்டும் மேட் லேமினேஷன். நிறம் ஓரம்வரை ஓடுவதாக இருந்தால் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விட்டு டிசைன் செய்ய வேண்டும், எழுத்து எதுவும் ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். பல பேருடைய கார்டுகளை ஒரே தாளில் சேர்த்து அடித்துக் கட்டுக்கட்டாக வெட்டுகிறார்கள், கத்தி ஒரு நூல் நகர்ந்தால் உங்கள் எண்ணின் கடைசி இலக்கம் அடுத்தவர் கார்டுக்குப் போய்விடும். எழுத்துக்குக் கறுப்பு மை ஒன்று மட்டும் போதும். நான்கு மையும் கலந்த கறுப்பென்றால் பதிவு கொஞ்சம் விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும். போனில் மின்னுகிற பச்சை அச்சில் மங்கும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், அச்சகத்தோடு சண்டை போடாதீர்கள். பிளாஸ்டிக் கார்டு வேண்டாம், மலைத் தோட்டத்துக்காரி கொடுக்கும் பொருளாக அது இல்லை.

கியூஆர் கோடு. 1994இல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு, கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது. இன்று இளநீர் வண்டியில் தொங்குகிறது. கார்டில் போடலாம், ஆனால் அதற்குள் என்ன வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இணையதள முகவரியை வைத்தால் பார்ப்பவருக்கு நெட் வேண்டும். பெயர், எண், 'சிறுமலை மலைவாழை' இந்த மூன்றை மட்டும் தொடர்பு விவரமாகவே உள்ளே வைத்துவிட்டால் நெட் இல்லாமலும் அவர் போனில் நேராகப் பதிவாகிவிடும். மூன்று வாரம் கழித்து அவர் போனில் 'வாழை' என்று தேடினாலே நீங்கள் வந்து நிற்பீர்கள். விவரம் கூடக்கூடக் கட்டங்கள் பொடியாகும், ஆகவே முகவரி, முகநூல் எல்லாம் உள்ளே திணிக்காதீர்கள். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை விட்டு, பின்பக்கம் ஆங்கில வரிகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். நடுவில் குதிரையைச் செருகும் ஆசை வேண்டாம். 'இலவசமாகச் செய்து தருகிறோம்' என்று சொல்லி, சில மாதம் கழித்துக் காசு கேட்டு, கட்டாவிட்டால் கோடையே முடக்கிவிடும் தளங்கள் இருக்கின்றன. விவரம் கோடுக்குள்ளேயே இருந்தால் யாரும் முடக்க முடியாது. பணம் வாங்கும் கோடைக் கார்டில் போடாதீர்கள், அது கடைப் பலகையில் இருக்க வேண்டிய பொருள்.

புவிசார் குறியீடு பற்றிய உங்கள் கேள்வி முக்கியமானது. நிறையப் பேர் இதில் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்துகிறார்கள். சிறுமலை மலைவாழையும் விருப்பாட்சி மலைவாழையும் 2008-09இல் பதிவாயின. மலைவாழை விவசாயிகளின் கூட்டமைப்பு விண்ணப்பித்து வாங்கியது. முடிக்கொத்து நோய் வந்து மலைவாழைத் தோட்டங்களை அழித்த கதை உங்கள் அப்பாவுக்குத் தெரியும். அசுவினி பரப்பிய வைரஸ் அது. அத்தனைக்கும் பிறகு மிஞ்சிய பழத்துக்குக் கிடைத்த பெயர் என்பதால் அதன் மேல் எனக்கு மரியாதை கொஞ்சம் அதிகம்.

1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறியீடு பதிவாகிவிட்டது என்பதால் அந்த ஊர்க்காரர் எல்லோரும் முத்திரை போட்டுக்கொள்ள முடியாது. பதிவேட்டில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் குறியீடு. இரண்டாவதில் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியாகப் பெயர் பதிய வேண்டும். அலுவலகம் சென்னை கிண்டியில். நீங்கள் சிறுமலையிலேயே மலைவாழை வைத்திருப்பவர், பதிந்துகொள்ள முழு உரிமை உண்டு. தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலோ விவசாயிகள் கூட்டமைப்பிலோ கேட்டு, விண்ணப்பத்தைப் போடுங்கள். பெயர் ஏறிய பிறகு முத்திரையைக் கார்டில் போடுங்கள். அதுவரை, 'சிறுமலையில் எங்கள் தோட்டத்தில் விளைந்தது' என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பதியாமல் முத்திரை குத்தினால் சட்டப்படி மாட்டிக்கொள்வீர்கள், அதோடு வேறு ஊர்ப் பழத்தைச் 'சிறுமலை' என்று விற்பவர்களை நாளைக்கு நீங்கள் கேள்வி கேட்க முடியாமல் போய்விடும். இதே சூட்டில் இன்னொன்று. சிங்க முகச் சின்னம், கோபுரச் சின்னம் இரண்டையும் சிலர் அழகுக்காகக் கார்டில் போட்டுக்கொள்கிறார்கள். அரசு சின்னங்களைத் தனியார் போடத் தடை இருக்கிறது, 1950இலேயே சட்டம் வந்துவிட்டது.

பழநியைப் பற்றி ஒரு வரி எழுதலாம் என்று உங்களுக்குத் தோன்றும். பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழைதான் உகந்தது, நீர்ச்சத்து குறைவு, தண்ணீர் விடாமல் பிசைய வருகிறது என்பதெல்லாம் உண்மை. பழநிப் பஞ்சாமிர்தமும் 2019இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. ஆனால் உங்கள் தோட்டத்துக் காய் அங்கே போகாதவரை, 'பழநிப் பஞ்சாமிர்தப் பழம்' என்று கார்டில் போடாதீர்கள். உங்களிடம் அதைவிட நல்ல வரி இருக்கிறது. அதை அப்பாவே சொல்லியிருக்கிறார், அப்படியே போடுங்கள்: 'தோல் கறுத்தாலும் உள்ளே கெடாது.' இந்த வரிக்கு வியாபாரக் காரணமும் உண்டு. மலைவாழை தெரியாத பட்டணத்துக் கடைக்காரர் இரண்டாம் நாள் தோலைப் பார்த்துவிட்டு, 'அழுகிப் போச்சு' என்று திருப்பி அனுப்புவார். கார்டிலேயே எழுதியிருந்தால் அவர் தன் வாடிக்கையாளருக்கும் அதைக் காட்டுவார்.

ஆக, முன்பக்கம் இப்படி வரும். உச்சியில் சின்ன 'உ'. இடப்பக்கம் குதிரை. வலப்பக்கம் பெரிதாக 'சிறுமலை மலைவாழை'. அதன் கீழே அப்பாவின் வரி. அடுத்து அப்பா பெயர், உங்கள் பெயர். பிறகு எண்ணும், இரவு 7 மணி விவரமும். கடைசியில், 'செவ்வாய், வெள்ளி காலை: திண்டுக்கல் சிறுமலை செட்'. தோட்டத்துக்கு வழி கேட்டு யாரும் மலையேறப் போவதில்லை, ஆகவே கதவு எண் முதற்கொண்டு எழுதிய அந்த நான்கு வரி முகவரி போகட்டும். காபியும் எலுமிச்சையும் போகட்டும். மிளகுக்கு மட்டும் பின்பக்கம் ஒரு வரி, 'மிளகு: தை, மாசி' என்று. மாதத்தைப் போட்டால் அந்த மாதத்தில் ஒரு போன் வரும். வாழை வாங்க வந்தவர் மற்றதைத் தானே கேட்பார்.

வாட்ஸ்அப் காலத்தில் கார்டு தேவையா என்றால், சிக்னல் இல்லாத மலைக்காரிக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே தேவை. உங்கள் போன் தூங்கும் பகல் முழுக்க மண்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் கார்டு விழித்திருக்கும். ஆனால் இருநூறு பேருக்கு நீட்டாதீர்கள். ஜப்பானியர் கார்டை இரண்டு கையாலும் கொடுத்து இரண்டு கையாலும் வாங்குவார்களாம். நாம் தாம்பூலம் கொடுப்பதும் அப்படித்தானே? பழத்தைச் சாப்பிட்டு முடித்து, 'விலை என்னம்மா?' என்று கேட்பவருக்குக் கொடுங்கள். அப்பா கேட்டதற்குப் பதில் அதுதான். பழம் பேசி முடித்த பிறகு, இருப்பிடம் சொல்லத்தான் அட்டை.

முதலில் இருநூறு மட்டும் அடியுங்கள். எங்கே, எந்த நாளில் கொடுத்தது என்று பென்சிலால் ஓரத்தில் ஒரு குறி வைத்துக் கொடுத்தால், எந்தச் சந்தை உங்களுக்குப் பலன் தந்தது என்று இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். எழுதியது சரியில்லை என்று பட்டால் மாற்றி அடுத்த இருநூறு. மிச்சமிருக்கும் அருவிக் கார்டுகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். மிளகு மூட்டைக்கு அடையாளச் சீட்டாகக் கட்டலாம், முருகன் பக்கத்தை உள்ளே மடித்து.

புதுக் கார்டு வந்ததும் ஒன்றை எனக்கு அனுப்புங்கள். கூடவே ஒரு சீப்புப் பழமும். விலையைக் கார்டின் பின்பக்கம் எழுதி அனுப்புங்கள், பேனா எழுதுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.